சிறுநீரகத்தின்மேல் அமர்ந்த காவலாளர்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பாதையில், அந்தி மயங்கும் வேளையில், சைக்கிளிற் செல்லும் ஒருவர் முன்னே காட்டானை வந்து நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். அவர் எண்ணிப்பார்க்கு முன்னரே நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கால்களுக்குப் புதுவலிமை பிறக்கிறது. இவ்வேலையிற் பெரும்பங்கு, சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகளுடையது. ஒவ்வொன்றின் நிறையும் ஏறக்குறைய 5 கிராம்தான்.

சுரப்பியின் உட்பகுதி, நரம்பின் கட்டளை வந்த சில நொடிகளில் அதிரினலீனைக் குருதியிற் கலக்கிறது. ஈரல் தான் சேமித்த குளுக்கோசை வெளிவிடுகிறது. குடலுக்குச் செல்லும் குருதி குறைந்து தசைகளுக்குப் பாய்கிறது. யானை முன்னே நிற்கையில் சோறு செரிப்பது அவசரமான காரியமன்று அல்லவா? சுரப்பியின் புறப்பகுதியோ சற்று ஆறுதலாகவே வேலை செய்வது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அனுப்பும் தூதின்பேரில் அது கோட்டிசோலைச் சுரக்கிறது; இதற்குச் சில நிமிடங்கள் செல்லும். கோட்டிசோல் போதியளவு பெருகியதும், சுரந்தது போதுமென்று மூளை தூதை நிறுத்திவிடும். யானை காட்டுக்குள் மறைந்தால் உடலும் பழைய நிலைக்கு மீளும்.

யானை மறையாவிட்டால்? 1936இல், கனடாவின் மொன்றியல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செலியே, குளிர், காயம் முதலியவற்றால் வருத்தப்பட்ட எலிகளில் அதிரீனற் சுரப்பிகள் பருத்ததையும் இரைப்பையிற் புண்கள் தோன்றியதையும் கண்டார்.

வன்னி மக்கள் இதனை எலிகளிடம் கற்கவேண்டியதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்தோர், பின்னர் வவுனியா மெனிக்பாம் முகாமில் அடைபட்டனர். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அங்கு நேர்ந்தது தனியாள் நோய் மாத்திரமன்று, குடும்பத்தையும் சமூகத்தையும் தாக்கிய கூட்டு வடு என்று விளக்கினார். காணாமலாக்கப்பட்டோரைத் தேடி 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாருக்கு, அபாயம் கடந்துவிட்டது என்று யார் கூறுவது?

இத்தகையோரிடம் கோட்டிசோல் எந்நேரமும் மிகுந்திருக்குமென நாம் எண்ணக்கூடும். ஆயின், நெடுநாள் மனவடுவுற்றோரை ஆராய்ந்த ஆய்வுகள் பலவற்றில் அது குறைந்தே காணப்பட்டது. வேறு சிலவற்றில் வேறுபாடே இல்லை. இதனைச் சாக்காக வைத்து, "சுரப்பி களைத்துவிட்டது" என விற்கப்படும் தொனிக்குகளில் காசைக் கரைக்கவேண்டாம். அப்படியொரு நோயை அகச்சுரப்பி வைத்தியர்கள் ஒப்புவதில்லை. நித்திரையின்மையும் கெட்ட கனவுகளும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுதலே தக்கது. சுரப்பி மெய்யாகவே பழுதுறும் அடிசன் நோய் வேறு: அதில் தோல் கறுக்கும், நிறை குறையும், இரத்த அழுத்தம் தாழும். குருதிச் சோதனையில் அதனைக் கண்டறிந்து, குறைந்த ஓமோனை நாள்தோறும் மாத்திரையாகக் கொடுத்து ஈடுசெய்கின்றனர்.