ஸ்கேனர் வாங்குமுன் கற்றையின் அகலத்தைப் பாருங்கள்

ஜெராம் கடற்கரையில் ஒரு வானொலி ஸ்கேனருடன் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலில் இருக்கும் படகின் குரல் கணீரென்று வருகிறது. பின்னாலுள்ள செம்பனைத் தோட்டத்திலிருந்து உங்கள் தம்பி வாக்கி டாக்கியில் பேசுவதோ கிசுகிசுப்பாகக் கேட்கிறது. மின்கலத்தை மாற்றிப் பயனில்லை. கருவி பழுதும் அல்ல.

காரணம் கற்றையின் அகலம். பழைய இருவழி வானொலிகள் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இயங்கின. பேசுவோர் பெருகியதால் அதைப் பாதியாக்கி 12.5 ஆக்கினார்கள். ஒரே லோரி ஓடிய மண்சாலையை இரண்டு தடமாகப் பிரித்தது போல. அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்புத் துறைகள் உட்படப் பலருக்கும் 1.1.2013 கெடுவாக இருந்தது. இங்கே 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பொது வாக்கி டாக்கி அலைவரிசைகளும் 12.5 இடைவெளியில்தான் உள்ளன.

அகன்ற கற்றையில் குரல் அலைவெண்ணை 5 கிலோஹெர்ட்ஸ் வரை இருபுறமும் அசைக்கும்; குறுகியதில் அதில் பாதிதான். அகன்ற கற்றைக்கான கருவி இந்தச் சிறு அசைவைச் சன்னமான குரலாகத் தருகிறது, பக்கத்துத் தடத்தின் பேச்சையும் உள்ளே விடுகிறது. கடல்சார் வானொலி இன்னும் 25-இல் இருப்பதால், குறுகிய கற்றைக்கு மட்டும் அமைந்த கருவியில் படகின் குரல் கரகரத்து உடையும். ஆகவே இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும். பெட்டியில் 'என்எஃப்எம்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பாட்டு ஒலிபரப்பும் எஃப்எம் அல்ல என்பதைச் சொல்லவே சில கருவிகளில் அப்படி எழுதுவார்கள். விவரத்தாளில் 12.5 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். நகரும் படியும் முக்கியம்: 477.0125-க்குப் போக 10 கிலோஹெர்ட்ஸ் படி உதவாது. சிரிம் முத்திரையையும் கவனியுங்கள்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் பாதுகாப்புத் துறைகளின் பேச்சு கேட்காது. அரசாங்கத்தின் 'ஜிஐஆர்என்' கட்டமைப்பு டெட்ரா முறையில் இயங்குகிறது. ஒரே 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு உரையாடல்களை இலக்க வடிவில், மறைகுறியீட்டோடு அடக்கக்கூடிய முறை அது. பிறர் உரையாடலை அனுமதியின்றி இடைமறிப்பது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீர்க் காற்று கிளம்பி வரும். ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையான 156.8 மெகாஹெர்ட்ஸை ஸ்கேனர் கேட்கும். உங்களுக்காக அது கூப்பிடாது. படகில் இருக்க வேண்டியது பேசவும் கூடிய கடல்சார் வானொலி.