ஒரு வண்டி, மூன்று உத்தரவாதங்கள்

பயண வேன் வாங்குவோர் நீட்டிப்பு வாரண்டி குறித்து அறிந்திருக்க வேண்டியவை

பெங்களூரு விவேக் நகரில் உள்ள எங்கள் கிளைக்கு வரும் வாகனக் கடன் விண்ணப்பங்களில், கார்களோடு 'கேம்பர் வேன்' எனப்படும் பயண வேன்களும் இப்போது இடம்பெறத் தொடங்கியுள்ளன. படுக்கை, சிறு சமையலிடம், குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை ஆகியவற்றோடு அமைக்கப்படும் வண்டிகள் இவை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும், கோடை விடுமுறையில் ஊட்டி, ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளுக்கும் குடும்பத்தோடு செல்வோர் இவற்றை விரும்புகின்றனர். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பின்னர், இவ்வகை வண்டிகள் பலருடைய கவனத்தையும் ஈர்த்துள்ளன.

விற்பனையாளர் தரும் விலைப்பட்டியலின் இறுதியில் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்றொரு வரி இருக்கும். வண்டியின் விலையோடு ஒப்பிடுகையில் அத்தொகை சிறிதாகத் தோன்றுவதால், பெரும்பாலானோர் அதனைப் படித்துப் பாராமலே ஒப்புக்கொள்கின்றனர். அவ்வரியின் பொருள் என்ன, அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வாரண்டி வேறு, காப்பீடு வேறு

புதிய வண்டியோடு வருவது அடிப்படை வாரண்டி. உற்பத்திக் குறையால் ஒரு பாகம் பழுதுற்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் அதனைச் செலவின்றிச் சரிசெய்து தருவதாக உற்பத்தியாளர் அளிக்கும் வாக்குறுதி அது. அதன் விலை வண்டியின் விலையிலேயே அடங்கியுள்ளது. அந்தக் காலம் முடிந்த பின்னரும் அவ்வாக்குறுதி தொடர்வதற்குத் தனியே பணம் செலுத்திப் பெறுவதே நீட்டிப்பு வாரண்டி. எடுத்துக்காட்டாக, மாருதி சுசுகி நிறுவனம் 2024 ஜூலையில் தன் கார்களின் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. கட்டணம் செலுத்துவோர் அதனை 6 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை நீட்டித்துக்கொள்ளலாம். ஆண்டு, கிலோமீட்டர் ஆகிய இரண்டில் எது முன்னர் நிறைவடைகிறதோ, அப்போதே வாரண்டி முடிந்துவிடும். நெடுந்தூரம் ஓடும் பயண வேனுக்குப் பெரும்பாலும் கிலோமீட்டர் வரம்பே முதலில் வரும்.

மோட்டார் காப்பீடு விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் முதலியவற்றால் நேரும் சேதத்தை ஈடுசெய்கிறது. இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் தேய்மானமும் வழக்கமான காப்பீட்டு ஒப்பந்தத்தில் விலக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை எனக் கருதலாகாது. வாகனக் கடனுக்குக் காப்பீடு கட்டாயம். நீட்டிப்பு வாரண்டி கட்டாயமன்று. 'கடன் கிடைக்க வேண்டுமானால் இதையும் எடுக்க வேண்டும்' என்று விற்பனையகத்தில் எவரேனும் கூறினால், கடன் தரும் கிளையிலேயே நேரில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வாக்குறுதி யாருடையது?

காரைப் பொறுத்தவரை வண்டி முழுவதும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு. பயண வேன் பெரும்பாலும் அவ்வாறு அமைவதில்லை. எஞ்சினும் அடிச்சட்டமும் ஒரு நிறுவனத்தினுடையவை. அதன்மேல் வீடு போன்ற அமைப்பைக் கட்டித் தருவது பாடி கட்டும் நிறுவனம். பேருந்துக்குப் பாடி கட்டுவதில் கரூர் பெயர்பெற்றிருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். உள்ளே பொருத்தப்படும் ஏ.சி., குளிர்பதனப் பெட்டி, இன்வெர்ட்டர், பேட்டரி ஆகியவை வேறு நிறுவனங்களுடையவை. ஆகவே ஒரே வண்டியில் குறைந்தது மூன்று உத்தரவாதங்கள் உள்ளன. விலைப்பட்டியலில் காணும் நீட்டிப்பு வாரண்டி பெரும்பாலும் முதலாவதை மட்டுமே நீட்டிக்கிறது.

இந்த வேறுபாடு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு செலவை உண்டாக்கும் என்பதை எங்கள் கிளையில் கண்டோம். பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர், கடனோடு தம் பணிக்கொடையின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பயண வேன் வாங்கினார். நீட்டிப்பு வாரண்டியும் எடுத்திருந்தார். நான்காம் ஆண்டில் எஞ்சினை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செயலிழந்தது. அதனைச் சோதித்த பணிமனை, இன்வெர்ட்டருக்கான கம்பிகள் வண்டியின் மூல மின்னிணைப்பில் இணைக்கப்பட்டுள்ளதைச் சுட்டிக்காட்டி, வாரண்டியில் பழுதுபார்க்க மறுத்தது. பாடி கட்டியவரோ, பழுதுற்றது தாம் பொருத்திய பாகமன்று என்று கூறிவிட்டார். இருவருக்கும் இடையே நின்ற வாடிக்கையாளர், முழுச் செலவையும் தம் சேமிப்பிலிருந்து செலுத்த நேர்ந்தது. மின்னிணைப்பு வேலைக்கு முன்னரே அடிச்சட்ட உற்பத்தியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்றிருந்தால், அவரது கோரிக்கைக்கு வலுவான சான்று இருந்திருக்கும்.

ஆகையால், வண்டியைப் பதிவு செய்யும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மாற்றியமைப்புக்குப் பின்னரும் வாரண்டி செல்லும் என அடிச்சட்ட உற்பத்தியாளர் எழுதித் தருவாரா? மோட்டார் கேரவன்களுக்கான ஏஐஎஸ்-124 தரநிலையின்படி இவ்வண்டி ஒப்புதல் பெற்றுள்ளதா? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஒப்புதலற்ற மாற்றம் வாரண்டியை மட்டுமன்றிப் பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் பாதிக்கக்கூடும்.

விலக்குகளை முதலில் படியுங்கள்

வாரண்டிப் புத்தகத்தில் எவை அடங்கும் என்ற பட்டியலைக் காட்டிலும், எவை அடங்கா என்ற பட்டியலே முதலில் படிக்கத்தக்கது. பிரேக் பேட், கிளட்ச் தட்டு, டயர், வைப்பர், வடிகட்டிகள் முதலிய தேய்மானப் பொருள்கள் வழக்கமாக அடங்கா. மலைப்பாதையில் அடிக்கடி செல்லும் வண்டியில் முதலில் செலவு வைப்பவை இவையே. துருவும் பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். வேளாங்கண்ணி போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் உரிய காலத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் காணப்படும் நிபந்தனை. ஆகவே ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவு செய்த வண்டியை வாடகைக்கு விட்டால் வாரண்டி செல்லாமற்போக வாய்ப்புண்டு. அவ்வாறு விடுவது பதிவு விதிகளுக்கும் முரணானது.

வாரண்டியை விற்பவர் யார் என்பதும் முக்கியம். உற்பத்தியாளரே வழங்குவது ஒரு வகை. விற்பனையகமோ மூன்றாம் நிறுவனமோ வழங்குவது மற்றொரு வகை; அந்நிறுவனம் மூடப்பட்டால் வாக்குறுதியும் அதனோடு மறைந்துவிடக்கூடும். தொலைபேசியில் வரும் விற்பனை அழைப்புகளை அறவே தவிருங்கள். வாகன வாரண்டி விற்பதாகக் கூறிக் கோடிக்கணக்கான தானியங்கி அழைப்புகளை விடுத்தவர்களுக்கு, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ 30 கோடி டாலர் அபராதம் விதித்தது.

கடனில் சேர்த்தால் எவ்வளவு?

நீட்டிப்பு வாரண்டியின் விலை ரூ.30,000 எனக் கொள்வோம். அதனை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடனில் சேர்த்தால், மாதத் தவணையில் சுமார் ரூ.483 கூடும். 84 தவணைகளில் மொத்தம் ஏறத்தாழ ரூ.40,500 செலுத்தியிருப்பீர்கள்; இதில் வட்டி மட்டும் ரூ.10,500. நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கான வாரண்டிக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி செலுத்துகிறீர்கள். வாரண்டி முடிந்த பின்னரும் இரண்டு ஆண்டுகள் தவணை தொடரும்.

இதற்கு மாற்றுவழி உண்டு. அடிப்படை வாரண்டி முடியும் முன்னர் எப்போது வேண்டுமானாலும் நீட்டிப்பைப் பெறலாம் எனப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. தாமதத்துக்கேற்ப விலை சற்று உயரலாம். அந்நிபந்தனையை எழுத்தில் பெற்றுக்கொண்டு, அத்தொகையைத் தொடர் வைப்பில் மாதந்தோறும் சேர்த்துவாருங்கள். அதற்குள் வண்டியின் இயல்பும், ஆண்டுக்கு நீங்கள் ஓட்டும் தூரமும் தெளிவாகிவிடும். குறைவாக ஓட்டுவோர் நீட்டிப்பைத் தவிர்த்து, அத்தொகையைப் பழுதுபார்ப்பு நிதியாக வைத்துக்கொள்ளலாம். மின்னணுப் பாகங்கள் மிகுந்த வண்டியை நெடுங்காலம் வைத்திருக்க எண்ணுவோர்க்கும், திடீர்ச் செலவைத் தாங்க இயலாதோர்க்கும், உற்பத்தியாளரின் நீட்டிப்பு பயனுள்ளதே.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்படுகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் முறையிடலாம். அடுத்த நிலை நுகர்வோர் ஆணையம். செலுத்திய விலை ரூ.50 இலட்சம் வரை இருப்பின் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க வழிசெய்துள்ளது. வண்டிக்குப் பாடி கட்டியவர் கரூரிலோ புனேயிலோ இருந்தாலும், விவேக் நகரில் வசிப்பவர் பெங்களூருவிலேயே முறையிடலாம். எனினும், வணிக நோக்கில் வாங்கிய வண்டிக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு பொதுவாகக் கிட்டாது. தம் வாழ்வாதாரத்துக்கெனச் சுயதொழில் செய்வோருக்கு விலக்கு உண்டு.

விலைப்பட்டியலோடு கடன் விண்ணப்பத்தைக் கொண்டு வரும்போது, வாரண்டி நிபந்தனைகளின் நகலையும் உடன் கொண்டு வாருங்கள். எந்த வாக்குறுதிக்கு எவர் பொறுப்பு, அதற்கு நீங்கள் மொத்தம் எவ்வளவு செலுத்துகிறீர்கள் என்பதைக் கையொப்பமிடும் முன் உங்களோடு அமர்ந்து கணக்கிட்டுக் காட்ட நாங்கள் காத்திருக்கிறோம்.