அறிக்கையில் இருந்த சாரம் கடையில் இல்லை

கொம்பியூட்டர் அறிக்கையில் 240 சாரம் இருப்பு. அதை நம்பிக் கல்முனை வியாபாரிக்கு வாக்குக் கொடுத்தேன். களஞ்சியத்தில் ஒன்றுகூட இல்லை! மென்பொருள் செய்த தம்பியோ, "என் பரீட்சார்த்தக் கொம்பியூட்டரில் திருத்திவிட்டேனே, நானா" என்றார்.

மைக்ரோசொப்ட் ரிப்போர்ட்டிங் சேர்விசஸில் அறிக்கை வேறு, அது எந்தத் தரவுத்தளத்தில் கணக்கெடுப்பது என்ற இணைப்பு வேறு. முதல் தடவை கடைச் சேர்வரில் ஏற்றியபோது பரீட்சார்த்த இணைப்பும் கூடவே போயிருக்கிறது. பிறகு திருத்தித் திருத்தி ஏற்றியும் பழைய இணைப்பு அசையவில்லை. 'ஓவர்ரைட் டேட்டா சோர்சஸ்' வழமையாகவே 'ஃபோல்ஸ்' என்றுதான் இருக்குமாம். கடை இணைப்பைப் பரீட்சார்த்த இணைப்பு அழித்துவிடாதிருக்கச் செய்த காவல். நமக்கு அதுவே வினையானது.

சேர்வரிலேயே இணைப்பை மாற்ற ஐந்து நிமிடம். இப்போது ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் தரவுத்தளத்தின் பெயரை அச்சிடச் சொல்லியிருக்கிறேன். கல்முனைக்காரர் இன்னும் பேசவில்லை.