இரண்டும் நல்லவை, சேர்ந்தால் ஏன் ஓடவில்லை?

இரவு மணி ஒன்பதரை. கைப்பேசியில் என் அக்காள் மகன். படிவம் நான்கு மாணவன்.

"மாமா, கம்ப்யூட்டர் ஓடல. புது ரேம் போட்டேன். திரை கறுப்பாவே இருக்கு. அப்பா வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள சரி பண்ணணும்."

அந்தக் கணினியை எனக்குத் தெரியும். ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பழைய மேசைக் கணினி. இன்டெல் கோர் 2 டுவோ செயலி, ஜி41 சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகை, நினைவகத்துக்கு இரண்டு செருகுவாய்கள். ஒன்றில் 2 ஜிகாபைட் டிடிஆர்3 நினைவகம் இருந்தது, மற்றொன்று காலி. அந்த வீட்டில் இருப்பது அந்த ஒரே கணினிதான். அவனுடைய அக்காள் இவ்வாண்டு எஸ்பிஎம் எழுதுகிறாள். இணையத்தில் நான்கு பக்கங்களைத் திறந்தாலே கணினி திணறுகிறது என்பதால், வார இறுதியில் இரவுச் சந்தைக் கடையொன்றில் வேலை செய்து சேர்த்த 35 ரிங்கிட்டைக் கொடுத்து, பழைய 4 ஜிகாபைட் நினைவகம் ஒன்றை அவன் வாங்கி வந்திருக்கிறான்.

"வேற எதையும் தொடாதே. மின்கம்பியை மட்டும் கழற்றி வை. இதோ வரேன்" என்றேன்.

பழைய நிலைக்குத் திரும்புவோம்

நான் போனபோது அவன் கையில் திருப்புளி தயாராக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிப் பார்க்கலாம் என்றான். கோளாறு வந்ததும் நம் எல்லாருக்கும் தோன்றும் எண்ணம் இது. ஆனால், பத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானது எதனால் என்றும் தெரியாது. கெட்டது எதனால் என்றும் தெரியாது.

ஆரம்பப் பள்ளி அறிவியலில் நீங்கள் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? கணினியைப் பழுதுபார்ப்பதும் அதே பாடம்தான். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு முடிவையும் எழுதி வைக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. மின்கம்பியைக் கழற்றிய பிறகு, கணினியின் தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். பிறகு கணினிப் பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடலில் நிலைமின்னூட்டம் சேரும். அது ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டினால்தான் நமக்குச் 'சுரீர்' என்று உறைக்கும். அதைவிட மிகக் குறைந்த அளவே ஒரு சில்லைக் கெடுத்துவிடும். நம் நாட்டின் ஈரக்காற்றில் இந்த ஆபத்து குறைவு. குளிர்சாதன அறையின் உலர்ந்த காற்றில் கூடும்.

நான்கு சோதனைகள்

முதல் சோதனை: புதிய நினைவகத்தைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் அதன் பழைய இடத்தில் மாட்டினோம். கணினி ஓடியது! மருமகன் பெருமூச்சு விட்டான். கணினி சாகவில்லை என்பது உறுதியானது.

இரண்டாவது சோதனை: அதே பழைய நினைவகத்தை இரண்டாவது செருகுவாயில் மாட்டினோம். அப்போதும் ஓடியது. ஆகவே, செருகுவாயிலும் கோளாறு இல்லை.

மூன்றாவது சோதனை: புதியதை மட்டும் மாட்டினோம். கறுப்புத் திரை. 'பீப்... பீப்...' என்று நீண்ட ஒலி திரும்பத் திரும்பக் கேட்டது. திரை வேலை செய்யாதபோது கணினி தன் குறையைச் சொல்லும் மொழி அது. எத்தனை ஒலி வந்தால் என்ன பொருள் என்பது தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை மாறும். கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கையேடு, 'நினைவகம் தென்படவில்லை' என்றது.

நினைவகத்தின் அடி விளிம்பில் உள்ள தங்க முலாம் பூசிய தொடுமுனைகளில் விரல் எண்ணெயும் தூசும் படிந்திருக்கலாம். மென்மையான வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை நீக்கி, இருபுறக் கொக்கிகளும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்வரை மீண்டும் அழுத்தினோம். பயனில்லை.

"கடைக்காரர் ஏமாத்திட்டாரு மாமா" என்றான்.

"சோதிக்காம யாரையும் சொல்லாதே" என்றேன்.

நான்காவது சோதனை மறுநாள் என் வீட்டில் நடந்தது. என் கணினியும் டிடிஆர்3 நினைவகத்தில் ஓடுவதுதான். ஆனால், சில ஆண்டுகள் புதியது. அதில் அந்த நினைவகத்தைத் தனியாக மாட்டியதும் கணினி உடனே தொடங்கியது. முழுதாக 4 ஜிகாபைட் காட்டியது.

இப்போது புதிர் கூர்மையானது. கணினி நல்லது. நினைவகமும் நல்லது. இரண்டும் ஒரே டிடிஆர்3 வகை. சேர்ந்தால் மட்டும் ஓடவில்லை. ஏன்?

எட்டா, பதினாறா?

விடை நினைவகத்தின் மேலேயே கண்ணெதிரே இருந்தது. கறுப்புச் சில்லுகளை எண்ணச் சொன்னேன். ஒரு பக்கத்தில் எட்டு. மறுபக்கம் வெறுமை.

4 ஜிகாபைட் என்பது 32 ஜிகாபிட். அதை எட்டுச் சில்லுகளுக்குப் பங்கிட்டால், ஒரு சில்லுக்கு 4 ஜிகாபிட். எங்கள் ஜி41 சில்லுத்தொகுதியோ ஒரு சில்லுக்கு 2 ஜிகாபிட் வரைதான் ஏற்கும். 2008இல் வெளிவந்த அதற்கு 4 ஜிகாபிட் சில்லுகளைக் கையாளத் தெரியாது.

ஏன் தெரியாது? ஓர் அடுக்குமாடியை எண்ணிப் பாருங்கள். வீட்டு எண் எழுத மூன்று கட்டங்கள் மட்டுமே உள்ள படிவத்தில் 999ஆம் வீட்டுக்குக் கடிதம் எழுதலாம். 1000ஆம் வீட்டுக்கு எழுத முடியாது. வீடு இருக்கிறது, ஆளும் இருக்கிறார். முகவரி எழுதத்தான் இடமில்லை.

நினைவகச் சில்லின் உள்ளே தரவுகள் கிடைவரிசை, நெடுவரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. 2 ஜிகாபிட் சில்லில் ஒரு கிடைவரிசையைக் குறிக்க 15 இருமை இலக்கங்கள் போதும். 2இன் அடுக்கு 15, அதாவது 32,768 வரிசைகள். 4 ஜிகாபிட் சில்லில் 65,536 வரிசைகள். அவற்றைக் குறிக்க 16 இலக்கங்கள் வேண்டும். அந்தப் பதினாறாவது இலக்கம்தான் எங்கள் கணினியிடம் இல்லை. இத்தகைய நினைவகத்தைப் போட்டால் சில தாய்ப்பலகைகள் பாதியை மட்டும் காட்டும். சில தொடங்கவே மறுக்கும்.

அப்படியானால் அதில் 4 ஜிகாபைட் நினைவகமே போட முடியாதா? முடியும். ஒரு பக்கத்துக்கு எட்டாக, இரு பக்கமும் பதினாறு சில்லுகள் கொண்டதைத் தேட வேண்டும். அதில் ஒவ்வொரு சில்லும் 2 ஜிகாபிட்தான். எந்த எட்டுச் சில்லுகளோடு பேசுவது என்பதைத் தனி சமிக்ஞை ஒன்று தேர்ந்தெடுக்கும்.

நினைவகத்தைக் கடைக்குத் திரும்ப எடுத்துப் போனோம். காரணத்தைச் சொன்னதும் கடைக்காரர் பெட்டியைக் கிளறி, பதினாறு சில்லுகள் உள்ள ஒன்றைத் தேடி மாற்றிக் கொடுத்தார். ஏமாற்றுக்காரர் என்று முதல் நாள் சந்தேகிக்கப்பட்டது பாவம், அவருக்குத் தெரியாது.

இரண்டாவது புதிர்

அன்று மாலை கணினி தொடங்கியது. பயாஸ் திரையில் 6144 மெகாபைட். அதாவது 6 ஜிகாபைட். வெற்றி! ஆனால், விண்டோஸ் 7 திறந்ததும், பயன்படுத்தக்கூடியது ஏறத்தாழ 3.2 ஜிகாபைட்தான் என்று காட்டியது.

மருமகனின் முகம் மறுபடியும் சுருங்கியது. "மிச்சம் எங்க மாமா?"

"அதே கதைதான். இந்த முறை கட்டம் போதாதது விண்டோஸுக்கு."

அந்தக் கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ். 2இன் அடுக்கு 32 என்பது 4,294,967,296. ஒரு பைட்டுக்கு ஒரு முகவரி என்றால் மொத்தம் 4 ஜிகாபைட். வீட்டுக் கணினிகளுக்கான 32 பிட் விண்டோஸ் அதற்குமேல் போகாது. அந்த நான்கிலும் ஒரு பகுதி முகவரிகளைத் திரையை இயக்கும் பகுதி போன்ற வன்பொருள்கள் எடுத்துக்கொள்கின்றன. மீதிதான் நமக்கு.

செயலி 64 பிட் வகை என்பதால் வழி இருந்தது. பாடக் கோப்புகளையெல்லாம் முதலில் வெளி வன்தட்டில் நகலெடுத்தோம். 32 பிட் இயங்குதளத்தை அப்படியே 64 பிட்டாக மாற்ற முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். விண்டோஸ் 7க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டதால், 64 பிட் லினக்ஸ் மின்ட் நிறுவினோம். கட்டணம் இல்லை. ஆறு ஜிகாபைட்டும் அதன் கண்ணுக்குத் தெரிந்தன.

இரவு முழுதும் ஒரு தேர்வு

"முடிஞ்சதா மாமா?" என்றான். இல்லை. கணினி ஓடுவது வேறு. நினைவகம் நம்பத்தக்கதாக இருப்பது வேறு.

இன்று நாம் பயன்படுத்தும் கணினி நினைவகத்தின் அடிப்படை அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனப் பொறியாளர் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்றார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ஒரு பிட்டுக்கு அவ்வளவே. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால், அது ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால், பொதுவாக 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கிறது. கோடிக்கணக்கான குடங்களில் ஒன்று மட்டும் சற்று வேகமாகக் கசிந்தாலும் 1 என்பது 0 ஆகிவிடும். கணினி திடீரென நிற்கலாம். அதைவிட மோசம், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு கோப்பு கெட்டுப்போகலாம்.

எனவே, மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை இரவு முழுதும் ஓடவிட்டோம். நினைவகம் முழுவதிலும் வெவ்வேறு பிட் வரிசைகளை எழுதி, எழுதியதே திரும்ப வருகிறதா என்று அது சரிபார்க்கும். ஒரே ஒரு பிழை தெரிந்தாலும் அந்த நினைவகத்தை நம்பக்கூடாது. காலையில் பிழை எண்ணிக்கை: 0.

வாங்குமுன் பாருங்கள்

உங்கள் வீட்டிலும் பழைய கணினி இருக்கிறதா? நினைவகம் வாங்குவதற்கு முன் தாய்ப்பலகையின் பெயரைக் குறித்து, அதன் கையேட்டைத் தேடுங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 தொடுமுனைகள் உள்ளன; ஆனால் வெட்டுப்பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் வேறு. முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5 வோல்ட். பொருந்தவில்லை என்றால் பலத்தைக் காட்டி அழுத்தாதீர்கள். மொத்தக் கொள்ளளவு எவ்வளவு ஏற்கும், ஒரு சில்லுக்கு எவ்வளவு ஏற்கும், இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். இந்த மூன்றில் எது குறைந்தாலும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நினைவகம் முகவரியில்லாத வீடாகிவிடும்.

முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு அவன் அப்பா வீடு திரும்பியபோது, கணினி திறந்தபடி மேசைமேல் கிடந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "திறந்தது நீயா? திரும்ப மூடத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது மூடத் தெரியும். எந்தச் சோதனையில் எது ஓடியது, எது ஓடவில்லை என்று அவன் எழுதி வைத்த தாளை மடித்துக் கணினிப் பெட்டியின் உள்பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறான். அடுத்து அதைத் திறப்பவருக்கு உதவும்.