நாய்க்கு நெறி கட்டினால் உஷார்!
உண்ணிக் காய்ச்சலா? புற்றுநோயா? ஊசி முனையில் தெரியும்

சென்னை, வேப்பேரி:

வீட்டு நாயின் கழுத்தைத் தடவிக் கொடுக்கிறீர்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கோலிக்குண்டு மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது. "பூச்சி கடிச்சிருக்கும், தானா அமுங்கிடும்" என்று விட்டுவிடாதீர்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்!

ஆம், மனிதர்களைப் போலவே நாய்களுக்கும் புற்றுநோய் வருகிறது. அவற்றில் அடிக்கடி காணப்படும் ஒரு வகைக்கு 'லிம்போமா' என்று பெயர். கிருமிகளை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு ரகம், கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் இந்த நோய். நடுத்தர வயதைத் தாண்டிய நாய்களுக்கே அதிகம் வருகிறது. பாக்ஸர், கோல்டன் ரெட்ரீவர், ராட்வீலர் போன்ற ஜாதிகளுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல்.

வலியே இல்லை!

இந்த நோய் செய்யும் பெரிய ஏமாற்று வேலை, வலி இல்லாததுதான். நாய் வழக்கம்போல் சாப்பிடும். வாலை ஆட்டும். பந்தைத் துரத்தும். கட்டி மட்டும் பெருத்துக்கொண்டே போகும்.

"நல்லாத்தானே சாப்பிடுது, எதுக்கு டாக்டர்கிட்ட போவணும்?" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நாள் வீணாவது அங்கேதான். வைத்தியம் இல்லாமல் விட்டால், பெரும்பாலான நாய்கள் 4 முதல் 6 வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை.

ஐந்து இடங்கள்

எங்கே தொட்டுப் பார்ப்பது? தாடைக்குக் கீழே, தோள்பட்டைக்கு முன்னால், முன்னங்கால் இடுக்கில், தொடை இடுக்கில், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்புறத்தில். ஆக ஐந்து இடங்கள்.

லிம்போமா வந்த நாய்களில் சுமார் நூற்றுக்கு 80 நாய்களுக்கு, இந்த இடங்களில் நெறி கட்டித்தான் நோய் வெளியே தெரிகிறது. மற்றவற்றுக்குக் குடலில் வந்தால் வாந்தி, பேதி, உடல் இளைப்பு. மார்பில் வந்தால் மூச்சுத் திணறல். சில நாய்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஓயாமல் சிறுநீர் கழிக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டதன் அடையாளம் அது.

உண்ணி செய்யும் குழப்பம்

நெறி கட்டினாலே புற்றுநோய் என்று பயந்துவிடவும் கூடாது. சென்னை வெயிலில் உண்ணிக்குக் குறைவே இல்லை. உண்ணி கடித்து வரும் 'எர்லிக்கியா' காய்ச்சலிலும் நெறி கட்டும். நாய் சோர்ந்து படுத்துவிடும். மூக்கில் ரத்தம்கூட வரும். அதற்கு மாத்திரை இருக்கிறது, குணமும் ஆகும். சொத்தைப் பல், தோல் புண் இருந்தாலும் அக்கம்பக்கத்தில் நெறி கட்டும்.

கையால் தொட்டு மட்டும் எது என்று சொல்லிவிட முடியாது. சோதனைதான் சொல்ல வேண்டும்.

சில நிமிட வேலை

சோதனை என்றதும் ஆபரேஷனோ என்று மிரள வேண்டாம். தடுப்பூசி போடுகிற மாதிரி மெல்லிய ஊசிதான். அதைக் கட்டிக்குள் செலுத்தி, கொஞ்சம் அணுக்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது.

தாடைக் கட்டியைவிட, முழங்காலுக்குப் பின்னால் அல்லது தோளுக்கு முன்னால் உள்ள கட்டியில் ஊசி போடவே டாக்டர்கள் விரும்புவார்கள். பல் கோளாறால் தாடையில் வரும் வீக்கம் சோதனையைக் குழப்பிவிடும் என்பதே காரணம்.

எடுத்த அணுக்களில் பாதிக்கு மேல், முதிராத பெரிய வெள்ளை அணுக்களாக இருந்தால் லிம்போமாதான். சந்தேகம் இருந்தால் ஒரு கட்டியை எடுத்துச் சதைச் சோதனைக்கு அனுப்புவார்கள். நோய் 'பி' வகையா, 'டி' வகையா என்றும் பார்ப்பதுண்டு. 'டி' பொல்லாதது, 'பி' மருந்துக்கு ஓரளவு கட்டுப்படும். பிறகு ரத்தச் சோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்து, நோய் ஐந்து கட்டங்களில் எதில் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள்.

"ஒரு ஊசி போடுங்க சார்!"

இங்கேதான் பெரிய ஆபத்து. "வீக்கம் அமுங்க ஏதாவது ஊசி போடுங்க சார்" என்று சிலர் அவசரப்படுத்துவார்கள். கடையில் தாங்களே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு.

ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி மளமளவென்று சுருங்கும். சொந்தக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் நோய் போகாது, பதுங்கிக்கொள்ளும். அப்போது ஊசி சோதனை செய்தால் உண்மை தெரியாமல் போகலாம். பின்னால் கொடுக்கும் புற்றுநோய் மருந்துகளும் சரியாக வேலை செய்யாது.

அதனால் முதலில் சோதனை, அப்புறம்தான் ஸ்டீராய்டு. இதை மறக்கவே கூடாது.

நித்தியகல்யாணி மருந்து

கண்டுபிடித்தால் வழி உண்டா? உண்டு. பல மருந்துகளை மாற்றி மாற்றிச் சில மாதங்கள் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்றான 'வின்கிரிஸ்டின்', நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது! அதற்காக இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது விஷம்.

முழுக் குணம் அபூர்வம். ஆனால் 'பி' வகை நோய்க்கு முறையாக வைத்தியம் செய்தால், சராசரியாக ஓராண்டு நாய் நன்றாக வாழ்கிறது. நாயின் ஆயுளில் ஓராண்டு என்பது சின்ன விஷயமா? இந்த நோய் மனிதருக்கோ பக்கத்து நாய்க்கோ தொற்றாது. குழந்தைகள் தாராளமாகக் கொஞ்சலாம்.

சென்னைவாசிகளுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கேதான் உள்ளது.

இனி ஞாயிற்றுக்கிழமை நாயைக் குளிப்பாட்டும்போது, அந்த ஐந்து இடங்களையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். கட்டி தட்டுப்பட்டால் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தனக்கு என்னவென்று வாய் திறந்து சொல்ல அதற்குத் தெரியாது. உங்கள் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்!