செட்டுக்குள் வானத்தின் வெளிச்சம் வந்தது எப்படி?

சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’ (1956) பார்த்திருக்கிறீர்களா? அதில் வரும் காசி வீட்டு முற்றம், கல்கத்தா ஸ்டூடியோவில் போட்ட செட் என்றால் நம்புவீர்களா?

செட்டில் நடிகர் மீது நேராக விளக்கடித்தால் என்ன ஆகும்? பின்சுவரில் கத்தரித்து ஒட்டியதுபோல நிழல் விழும். விளக்கு இரண்டானால் நிழலும் இரண்டு. குட்டு வெளிப்பட்டுவிடும்!

நிஜ முற்றத்தில் ஏன் அப்படி இல்லை? அங்கே நேர்வெயில் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் திறந்த வானம் முழுவதுமே விளக்கு.

குழாயடியில் தட்டைக் குப்புறப் பிடித்தால், அதற்கு நேர்கீழே தரை நனையாது. நாலா பக்கமும் சாரல் அடித்தால்? தட்டுக்கு அடியிலும் ஈரம்தான். வெளிச்சமும் அப்படியே. பல திசைகளிலிருந்து வந்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும்.

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார்? வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் பக்கம் திருப்பாமல், துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறிய வெளிச்சம் பரவலாக முற்றத்தில் இறங்கியது.

அடுத்து நீங்கள் பார்க்கும் படத்தில் நடிகரின் மூக்கு நிழலைக் கவனியுங்கள். ஓரம் கூர்மையா, மங்கலா? வெளிச்சம் எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிறது என்பதை அதுவே சொல்லிவிடும்.