மாணாக்கரும் தலைமையும்

தேசத்தில் தக்க தலைவர்கள் அருகிவிட்டார்கள் என்ற புலம்பல் எக்காலத்திலும் ஓய்ந்ததில்லை. புலம்புவோர் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள். அவர்களிடம் நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம்: வாலிபன் ஒருவன் தான் எக்காரியத்துக்கு உரியவன் என்பதைத் தானே கண்டுகொள்ளும்படி, நீங்கள் எப்பொறுப்பையேனும் அவனிடம் ஒப்படைத்ததுண்டா? கையிலே கொடியைக் கொடுத்தீர்கள், வாயிலே கோஷத்தைக் கொடுத்தீர்கள், காரியத்தைக் கொடுத்தீர்களா?

செஞ்சிக் கோட்டை 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில், மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் 11 உடன் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகாரம் பெற்றது. அங்கே செல்லும் மாணாக்கருக்கு முதலில் சொல்லப்படுவது ராஜா தேசிங்கின் கதை. ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பங் கட்ட மறுத்து, 1714-ல் சிறு படையோடு பெரும்படையை எதிர்த்து மாண்ட அவ்வீரனுக்கு வயது 22 என்பர். அவன் மானத்தைப் புகழாத தமிழன் இல்லை; நாமும் புகழ்கிறோம். ஆயினும் 22 வயது வாலிபனுக்கு நாம் கற்பிக்கும் பாடம், சாவது எப்படி என்பதோடு நின்றுவிடலாகாது. எதற்காக வாழ்வது என்ற கேள்வி அதனினும் கடினமானது. அதற்கு விடை காண அவகாசமும் துணையும் வேண்டும்.

அவ்விடையைப் பிரசங்கத்தால் புகட்ட முடியுமென்று பலர் நம்புகிறார்கள். நமது தொழிலிலிருந்தே ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம். சட்டக் கலாசாலையில் தேறி, கறுப்பு அங்கி தரித்ததனால் மட்டும் ஒருவன் வக்கீலாகி விடுவதில்லை. ஏழைக் கட்சிக்காரன் ஒருவன் தன் காணி நிலத்தின் பத்திரங்களை அவன் கையில் கொடுத்து, “உங்களைத்தான் நம்பியிருக்கிறேன், ஐயா” என்று சொல்லும் அன்றே அவன் வக்கீலாகிறான். அன்றிரவு அவனுக்கு உறக்கம் வராது. பிறர் காரியம் தன் காரியமாகிவிட்ட அந்த உறக்கமின்மையே தலைமையின் தொடக்கம்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. அவர் 1905-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை ஸ்தாபித்தார். அதில் சேருவோர் ஐந்து வருஷம் படிப்பிலும் தேச யாத்திரையிலும் பயிற்சி பெற வேண்டுமென்பது விதி. திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலின் தலைமையாசிரியராயிருந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அப்பதவியைத் துறந்து 1907-ல் அச்சங்கத்தில் சேர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் புகழ் பெற்று 1915 ஜனவரியில் திரும்பிய காந்தியடிகளையும் கோகலே மேடையேற்றவில்லை. ஒரு வருஷம் தேசத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அரசியல் விஷயங்களில் வாய் திறக்கலாகாது என்று வாக்குப் பெற்றார். அடுத்த மாதமே கோகலே காலமானார். ஆயினும் அடிகள் வாக்கைக் காத்தார். பேசுமுன் காண வேண்டும் என்பதே அந்த விரதத்தின் பொருள்.

கண்டபின் செய்ய வேண்டியது யாது? 1917-ல் சம்பாரண் ஜில்லாவில் அவுரித் தோட்டத் துரைமார்களால் துன்புற்ற குடியானவர்களின் வாக்குமூலங்களை எழுதும் பணியை, ராஜேந்திர பிரசாத் முதலிய பீகார் வக்கீல்களிடம் அடிகள் ஒப்படைத்தார். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, மெய்யென்று தோன்றியதையே பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. தத்தமக்கென்று சமையற்காரனோடு வந்த வக்கீல்கள், நாளடைவில் ஒரே சமையலுக்கு உடன்பட்டார்கள். நியாயஸ்தலத்தில் பிறர் கட்சி பேசியவர்கள் அங்கே தம் கட்சியைக் கண்டார்கள். ராஜேந்திரர் 1950-ல் குடியரசின் முதல் தலைவரானார்.

சுதந்தர பாரதத்திலும் இவ்வெண்ணம் அடியோடு மறக்கப்படவில்லை. காந்தி நூற்றாண்டான 1969-ல், 37 சர்வகலாசாலைகளைச் சேர்ந்த சுமார் 40,000 மாணாக்கரோடு நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பமாயிற்று. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. ஏற்பாடு சிறந்ததே. ஆனால் புதரை வெட்டி, சுவருக்குச் சுண்ணாம்படித்து, புகைப்படமெடுத்து, அத்தாட்சிப் பத்திரத்தோடு வீடு திரும்பினால் மணிக்கணக்கு நிறையும், மனம் நிறையாது. என்ன வேலை என்று தீர்மானிக்கும் உரிமை மாணாக்கனுக்கு இல்லாதவரையில் அவன் கூலியில்லாத கூலியாளே.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. செஞ்சியிலிருந்து அதிக தூரமில்லாத பனமலையில், ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மேல் நிற்கிறது. உள்ளே சிதைந்தும் எழில் குன்றாத உமையின் ஓவியம். குன்றின் அருகே ஏரி. பத்து மாணாக்கரிடம் அவ்வேரியை ஒரு வருஷம் ஒப்படையுங்கள். வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, மதகு எந்நிலையில் இருக்கிறது, கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்று அவர்களே விசாரித்து எழுதட்டும். அக்டோபர் 2-ந் தேதி கூடும் கிராம சபையில் அவர்களே எழுந்து படிக்கட்டும். குறுக்குக் கேள்விகளுக்கு அவர்களே விடையிறுக்கட்டும். உபாத்தியாயர் செய்ய வேண்டியது ஒன்றே: “எதைக் கண்டு உன் மனம் பொறுக்கவில்லை? யாரை விட்டு வர உனக்கு மனமில்லை?” என்று வருஷ முடிவில் கேட்பது. ஒருவன் ஏரியைச் சொல்வான். ஒருவன் ஓவியத்தைச் சொல்வான். ஒருத்தி கடைமடைக் குடிசையில் படிப்பை நிறுத்திய சிறுமியைச் சொல்வாள். மூன்றும் சரியான விடைகளே.

இதில் தவறுகள் நேரும் என்பார்கள். நேரட்டும். தவறு செய்யும் சுதந்தரம் இல்லாதவனுக்குப் பொறுப்பு என்ற சொல்லே பொருந்தாது.

தேச ஊழியம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக மாணாக்கரைத் தேடாதீர்கள், ஆலோசனைக்கு அழையுங்கள். உங்களைப் பின்பற்றும் ஆயிரம் பேரைவிட, நாளை உங்களை எதிர்த்துக் கேள்வி கேட்கத் துணியும் பத்துப் பேரே தேசத்துக்கு நீங்கள் விட்டுச் செல்லும் மெய்யான செல்வம்.